பக்கத்து வீட்டுக் குமாரின் இடத்தில் கல்பனா

அன்று வெள்ளிக்கிழமை. ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் கம்ப்யூட்டர் லேத்துக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி கல்பனா ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையத்தின் உரிமையாளர் போனில் வந்தார்.

“செந்தில் சார், ஒண்ணும் பதட்டப்படாதீங்க. கல்பனா மிஸ் கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டாங்க. ஒரு வகையில நல்லதாப் போச்சு, ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்துலதான்.”

நான் தி. நகருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளுடைய வலது கைவிரல்களில் போர்டு மார்க்கரின் நீல மை இருந்தது. அப்போது எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை. “ஒரு வகையில நல்லதாப் போச்சு” என்ற வார்த்தை மட்டும் சட்டையில் ஒட்டிய கிரீஸ் போலப் போகாமல் இருந்தது.

அடுத்த பதினாறு நாளும் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். “சுமங்கலியாப் போனா, கொடுத்து வச்சவ” என்றார் என் பெரியம்மா. “குழந்தை இல்லாதது ஒரு வகையில நல்லதுதாம்ப்பா, உனக்கும் வயசு இருக்கு” என்றார் ஒரு மாமா. அவர் கையில் காபி டம்ளர் இருந்தது. அந்தக் காபியைப் போட்டது நான். அந்த டம்ளரை அப்புறம் மூன்று முறை கழுவினேன்.

கல்பனாவிடம் படித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வில் கட்டுரை எழுதத் தெரியாமல் அவளிடம் வந்தவர்கள் நீங்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஆறு வருடம் முன்னால், மூன்றாவது பெஞ்சில்.

முதல் வாரம் அவள் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டில் வேலை செய்வதன் நன்மைகளும் தீமைகளும். நான் எழுதினேன் என்று சொல்ல முடியாது. ஓர் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு நன்மைக்கும் தீமைக்கும் பத்துக்கு இத்தனை என்று எண் கொடுத்து, கூட்டிக் கழித்து, நன்மை ஜெயித்தது என்று முடித்தேன். குடும்பத்தைப் பிரிவதற்கு இரண்டு மதிப்பெண் கொடுத்திருந்தேன்.

கல்பனா அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினாள். “இது என்ன சார், கட்டுரையா? லேத் மெஷினுக்குக் கொட்டேஷனா?” எல்லோரும் சிரித்தார்கள். பேப்பர் என் கைக்குத் திரும்பி வந்தபோது, ஆங்கில வரிகளுக்கு நடுவில் அந்த இரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை இருந்தது: “யாருக்கு?”

உங்கள் எல்லோருடைய பேப்பரிலும் அது இருக்கும். சுற்றுச்சூழல் கெடும் என்று எழுதினால் “யாருக்கு?” நேரம் மிச்சமாகும் என்று எழுதினால் “யாருக்கு?” அவள் சொல்லிக்கொடுத்த பாடமே அவ்வளவுதான். “நல்லது, கெட்டதுன்னு சும்மா அந்தரத்துல தொங்காது. ஒரு ஆள் மேல போய் உக்காரும். அந்த ஆளைக் காட்டு. அதுக்கப்புறம்தான் எடை போடணும்.”

அவளுக்குப் பிடிக்காத ஒரே மனிதன் குமார். மையம் அச்சடித்துக் கொடுக்கும் குறிப்புப் புத்தகத்தில் எல்லா உதாரணங்களிலும் வருகிற பக்கத்து வீட்டுக்காரன். கார் வாங்கிக் கடனில் மாட்டியதும், செல்போன் பார்த்துக் கண் கெட்டதும், இணையத்தில் படித்துப் பட்டம் வாங்கியதும் எல்லாமே குமார்தான். ஒருநாள் திருத்துவதற்குக் கட்டுக் கட்டாய்ப் பேப்பர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தவள், பாதியில் பேனாவைக் கீழே போட்டாள்.

“இருபது பேப்பர்ல இருபது குமாருடா. ராயப்பேட்டைல இருக்கறவளுக்கும் பக்கத்து வீடு, கொட்டிவாக்கத்துல இருக்கறவனுக்கும் பக்கத்து வீடு. அவனுக்கு வாடகை யார் குடுக்கறா?”

“மார்க் வந்தா சரிதானே?” என்றேன்.

“நீ பேசாத. மார்க் வாங்கிட்டு, வெளிநாடு போகாம இங்கயே உக்காந்த ஒரே ஆளு நீதான். என்னைக் கட்டிக்கறதுக்கா அவ்ளோ ஃபீஸ் கட்டின?”

சிரித்தாள். மறுநாள் உரிமையாளரிடம் போய்க் குமாரை எடுத்துவிடச் சொல்லிச் சண்டை போட்டாள். மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார்.

இப்போது குமாரை எடுத்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள், மும்தாஜ் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ராயப்பேட்டையிலிருந்து வரும் நர்ஸ், கடைசி பேட்ச். உங்களில் பலருக்குத் தெரியும். புதிய குறிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கம் அது. அளவுக்கு மீறி உழைப்பதன் நன்மை தீமைகள் என்று தலைப்பு. உதாரணத்தைத் தமிழில் சொல்கிறேன்: “எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தன் தலைவலியைப் பொருட்படுத்தாமல் உழைத்து, வகுப்பறையிலேயே உயிரிழந்தார். எனவே அதிக உழைப்பு உடல்நலத்துக்குக் கேடு.”

அந்த “எனவே”யைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். வாஷ்பேசினில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தி. நகருக்குப் போனேன். கீழே ஜவுளிக்கடை, இரண்டாவது மாடியில் மையம். வரவேற்பறையில் அவள் போட்டோவுக்கு பிளாஸ்டிக் மாலை. அதை ஒட்டியே, தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்ப் பலகை. உரிமையாளர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை.

“அந்தப் பக்கத்தை எடுத்துருங்க” என்றேன்.

“சார், நல்லதாத்தானே எடுத்துக்கணும்? மிஸ் போனாலும் பசங்களுக்கு ஒரு பாயிண்ட்டா உதவறாங்க. பேரு கூடப் போடல பாருங்க.”

“அது பொய் சார்.”

“எது பொய்?”

எது பொய் என்று எனக்குத் தெரியும். அதை அந்த அறையில், அந்த ஈரக் கைக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

அவரே தொடர்ந்தார். “பிரிண்ட் ஆயிடுச்சு. அடுத்த தடவை பாத்துக்கலாம். நீங்க ஒண்ணு பண்ணுங்களேன். நம்ம மையத்து மலருக்கு மிஸ்ஸைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நிறையும் சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு சின்னக் குறையும் சொல்லுங்க. அப்பதான் பேலன்ஸா இருக்கும்.”

நான் படியிறங்கினேன். ஜவுளிக்கடை வாசலில் பட்டுப்புடவை கட்டிய பொம்மை ஒன்று எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மும்தாஜ் போன் செய்தாள்.

“அண்ணா, சனிக்கெயம எனக்கு எக்ஸாம். மிஸ்ஸப் பத்தின பாரா மனசுல ஏறிடுச்சு. எயுதட்டுமா, வேணாமா? நீ இன்னா சொல்றியோ அதான்.”

“வேணாம்மா.”

“அப்ப வேற இன்னாத்த எயுதறது? குமாரும் போய்ட்டான்.”

கல்பனா கேட்பதை நான் கேட்டேன். அளவுக்கு மீறி உழைத்தால் நஷ்டம் யாருக்கு? மும்தாஜ், தனக்கு நைட் டியூட்டி அதிகம் என்பதால் நாலு வயது மகள் பாட்டியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள் என்றாள். தன்னை “மும்தாஜு” என்கிறாளாம்.

“அதை எழுது.”

“ஐய, ஹால்லயே அயுதுருவேண்ணா.”

“அழுதுக்கிட்டே எழுது.”

சனிக்கிழமை மதியம் அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது. “எயுதிட்டேண்ணா. குமாரும் வரல, மிஸ்ஸும் வரல. நான்தான் வந்தேன்.” மதிப்பெண் இன்னும் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். கல்பனா போன பிறகு என் காதில் விழுந்த, அழுக்கில்லாத முதல் வார்த்தை அது.

மும்தாஜால் முடிந்தது எனக்கும் முடிய வேண்டும். உரிமையாளர் அறையில் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்தால் அந்த வரியை நம்பாதீர்கள். கல்பனா தன் தலைவலியைப் பொருட்படுத்தாமல் இருக்கவில்லை. என்னிடம் சொன்னாள்.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை. சமையலறையில் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு, “நாலு நாளா விடவே இல்ல. ஒரு ஸ்கேன் எடுத்துரலாமா?” என்றாள். அடையாறில் நாங்கள் பார்த்த டாக்டரும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். பட்டறையில் எனக்கு ஒரு பெரிய ஆர்டர் முடிகிற நேரம். மேஜையில் கிடந்த காகிதத்தில் நடுவே கோடு கிழித்தேன். ஆமாம், பழைய அட்டவணைதான். இன்றே போனால், சனிக்கிழமை போனால் என்று இரண்டு பக்கம். சனிக்கிழமையின் கீழ் நன்மைகளை எழுதினேன்: அவள் பேட்ச் கெடாது. இரண்டு பேருக்கும் லீவு போகாது. ஆர்டர் முடிந்திருக்கும். இன்றைக்குப் போவதன் கீழ் ஒரே வரிதான்: பயம் போகும். அதற்கு இரண்டு மதிப்பெண்.

சனிக்கிழமை ஜெயித்தது. கல்பனா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஏதோ எழுதி, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “வேலைக்குப் போடா கொட்டேஷன்” என்று சொல்லிக் கிளம்பினாள். நான் சிரித்தேன். என்ன எழுதினாள் என்று பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை விழுந்துவிட்டாள். முன்னாலேயே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலில் எனக்கு ஆறுதல் கொஞ்சம்கூட வேண்டாம்.

மற்றவர்கள் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பையெல்லாம் எழுதினேன். அதில் பெரிய பங்கு என்னுடையது.

அவள் புடவைகளை அவள் தங்கை எடுத்துப் போய்விட்டாள். புத்தகங்களை உங்களில் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். ஒரு காகிதத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நடுவே கோடு கிழித்தது, ஓரத்தில் சட்னிக் கறை படிந்தது. “ஆர்டர் முடிந்திருக்கும்” என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த வார்த்தை இருக்கிறது.

யாருக்கு?

நேற்று அதே சிவப்புப் பேனாவால் கீழே பதில் எழுதினேன். எனக்கு.