வடக்கு நான்காம் கிணறு

பிரான்சிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. காட்டூர் வீட்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோதும் நடந்துகொண்டேதான் படித்தாள். இப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்துகிறாள். முடிவை மட்டும் அச்சிட்டால் போதாது, எடுத்த அளவுகளையும் கணக்குப் போட்ட வழியையும் யாரும் எடுத்துச் சரிபார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டும் என்பதுதான் அவள் பாடம்.

அந்தச் சனிக்கிழமை தன் கட்டுரையையே எடுத்துக் கொடுத்தாள். ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றி உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி. இரண்டிலும் வீடு வீடாகப் போய்க் கிணற்று நீர் எடுத்துச் சோதித்திருந்தாள். சித்திரை வீதி நீரில்தான் நைட்ரேட் அதிகம் என்பது முடிவு. வியாழக்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். அங்கே அவள் காட்டப்போகும் முதல் கட்டுரையும் அதுதான்.

"என் ஃபைலை இறக்கிக்குங்க. என் விடை உங்களுக்கும் வருதான்னு பாருங்க."

சற்று நேரத்தில் மாணவி ஆரிஃபா கை தூக்கினாள். "மேடம், எனக்கு ரெண்டு தெருவும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வருது."

"ஸ்ரீரங்கம் பக்கமே போனதில்லை, அதான்," என்று சீண்டினான் பக்கத்திலிருந்த பிரவீன்ராஜ்.

"கணக்குப் போட கோயிலைச் சுத்திட்டு வரணுமா? போடா."

பிரான்சி குனிந்து பார்த்தாள். கட்டுரையில் தான் கிணறுகளின் பெயரை வைத்து அளவுகளை வீதியோடு சேர்த்திருந்தாள்; ஆரிஃபா நீர் எடுத்த பாட்டில்களின் எண்ணை வைத்துச் சேர்த்திருந்தாள். இரண்டு வீதிக்கும் நான்கு பக்கம். 'வடக்கு நான்கு' என்று இரண்டிலும் ஒரு கிணறு இருந்தது. பிரான்சியின் கணக்கில் அப்படிப் பல கிணறுகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருந்தன.

"எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பயிற்சியைத் தொடங்கிவைக்க வந்திருந்த பேராசிரியர் ரெங்கராஜ் அவள் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார். அவளுடைய பழைய வழிகாட்டி. கட்டுரையில் அவர் பெயரும் உண்டு.

"வியாழக்கிழமை முடியட்டும்மா. அப்புறம் திருத்தி அனுப்பலாம். அந்தப் பொண்ணுகிட்ட பாத்துச் சொல்றேன்னு சொல்லு. பொய் ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க சார்."

கைப்பேசி அடித்தது. அக்கா ரோசரி. "இன்டர்வியூக்கு ப்ளவுஸ் தச்சாச்சுடி. எப்ப வந்து போட்டுப் பாக்குற?"

"வரேன்க்கா," என்று வைத்துவிட்டு, வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். ஐந்து நாள் பொறுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். ஆரிஃபா டீ குடிக்கப் போகவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு அதே கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியலை மேடம்," என்றாள் இவளைப் பார்த்ததும்.

பிரான்சி அதற்குமேல் நடக்கவில்லை. எல்லாரும் வந்ததும் திரையில் தன் ஃபைலைத் திறந்தாள்.

"ஆரிஃபா போட்டதுதான் சரி. நான் போட்டது தப்பு." எப்படி நேர்ந்தது என்று விளக்கினாள். ஃபைலை வைத்திருந்த பொதுப் பக்கத்தில் திருத்தத்தையும், கண்டுபிடித்தவள் ஆரிஃபா என்பதையும் எழுதினாள். கட்டுரை வந்த இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். ரெங்கராஜுக்கும் நகல் போயிற்று.

அவர் எழுந்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்பீங்க சார்."

அவர் வெளியேறினார்.

பிரவீன்ராஜ்தான் மெல்ல வாயைத் திறந்தான். "ஃபைலைப் பொதுவில போடாம இருந்திருந்தா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே மேடம்?"

"ஆமா. எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"பயமா இருக்கு மேடம்."

"எனக்கும்தான். உன் ஃபைலைக் குடு, ஆரிஃபா பாக்கட்டும்."

அவன் மடிக்கணினியின் மேல் வைத்த கையை எடுக்க நேரமாயிற்று. பிறகு ஆரிஃபா பக்கம் தள்ளினான். "பாத்து, மெதுவா திட்டு."

மாலையில் இதழிலிருந்து பதில் வந்தது: பரிசீலிக்க மூன்று வாரம் ஆகும். பிரான்சி நேர்காணல் விண்ணப்பத்தைத் திறந்து, முதல் கட்டுரைக்கு எதிரே 'முடிவில் பிழை. திருத்தம் அனுப்பப்பட்டுள்ளது' என்று சேர்த்தாள்.