பாண்ட் அங்கிளின் யூனிஃபோம்

நியூசிலாந்தில், ஹென்டர்சனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலிதான். அந்த வேலிக்கு அப்பால் இருந்த பிலிப்பீன்ஸ்காரரை நானும் தம்பியும் பாண்ட் அங்கிள் என்று கூப்பிட்டோம். பின்னேரங்களில் கராஜுக்குள் நின்று ட்ரம்பெட் ஊதுவார். அயலவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று அதன் வாயில் பழைய காலுறை ஒன்றைத் திணித்திருப்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. காலுறை இல்லாமல் அந்த வாத்தியம் வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய கதையெல்லாம் அப்பா மூலம்தான் எங்களுக்கு வந்தது. இருவரும் விரி என்ற இடத்தில் ஒரே களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார்கள். ஒரே காரில் போய் வந்தார்கள். அப்பா ஊரில் மன்னார் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். அங்கிளோ ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து, மாதா கோயில் திருநாள் பாண்ட் வாத்தியக் குழுவில் ஊதப் பழகி, பதினெட்டு வயதில் தன் நாட்டு இராணுவ பாண்டில் சேர்ந்தவர். இருபது வருசத்துக்கு மேல் ஊதி சார்ஜன்டாக வந்தார். ஜனாதிபதிகள் விமானத்தால் இறங்கும்போது ஊதியிருக்கிறார். பெட்டியில் வந்த பொடியன்களைப் புதைக்கும்போதும் ஊதியிருக்கிறார். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் பதவியை விட்டுவிட்டு, ட்ரம்பெட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

இங்கத்தைய இராணுவத்தின் பகுதிநேர பாண்ட் ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனவர் அப்பாதான். அந்தப் பரீட்சையை அப்பா எங்களுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறார். முன்பின் கண்டிராத இசைத்தாளை முன்னால் வைத்தார்களாம். அங்கிள் ஒருதரம் பார்த்துவிட்டு ஒரு பிழையுமில்லாமல் வாசித்தாராம். அப்பா மூன்றாம் தரம் சொல்லும்போது அங்கிள் கண்ணை மூடிக்கொண்டே வாசித்தார்.

“எங்கே இப்படிப் பழகினீர்கள்?” என்று அதிகாரி கேட்டாராம்.

“செத்த வீடுகளில், சேர். அங்கே பிழைவிட்டால் திரும்ப ஊத ஏலாது.”

எடுத்துக்கொண்டார்கள். சார்ஜன்டாக இருந்த மனுசன் தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில், ஆகக் கீழ்ப்பதவியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. யூனிஃபோம் கையில் கிடைத்த சனிக்கிழமை காலை, அதைப் போட்டுக்கொண்டு முதலில் எங்களுக்குக் காட்டத்தான் வந்தார். கையில் மனைவி செய்த நூடுல்ஸ் தட்டு.

அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா கதவைத் திறந்தார். பச்சை உடுப்பு, இடுப்புப் பட்டி, மினுங்கும் சப்பாத்து. அடுத்த கணம் கதவு அறைபட்டது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னைக் கையில் பிடித்து இழுத்துப்போய், குளியலறைக்குள் விட்டுப் பூட்டினார்.

“அது அங்கிள், அம்மா” என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“சத்தம் போடாதை, பிள்ளை.”

என் வாயைப் பொத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒளித்து விளையாடுகிறோம் என்று நினைத்தேன். வெளியே அங்கிள் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. அப்பா வந்து தட்டும்வரை அம்மா கதவைத் திறக்கவில்லை. வாசலில் நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தது.

அன்று பின்னேரம் அப்பா வேலியோரம் நின்று அங்கிளோடு நெடுநேரம் கதைத்தார். நான் யன்னலால் பார்த்தேன். அங்கிள் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எங்கள் முன்னறையில் அம்மாவின் தம்பியுடைய படம் இருந்தது. அந்த மாமாவை மன்னாரில் ஒருநாள் விடியக்காலை ஆமிக்காரர் வீட்டுக்குள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் மாமா பயணம் போயிருக்கிறார் என்பதுதான். மாதா கோயிலில் இறந்தவர்களுக்கான பூசையில் அவர் பெயரைக் கொடுக்க அப்பா பலதரம் கேட்டும் அம்மா விடவில்லை.

ஏப்ரல் மாதம் போர்வீரர் நினைவுநாளுக்காக அங்கிள் கராஜில் ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப ஊதினார். ஒரு பின்னேரம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வேலியடிக்குப் போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. நான்தான் இரண்டு பக்கமும் சொன்னேன்.

“அது என்ன பாட்டு எண்டு கேள்.”

“புதைக்கும்போது ஊதுவது.”

“உடம்பு கிடைக்காட்டி என்ன செய்வினம் எண்டு கேள்.”

கேட்டேன். அங்கிள் ட்ரம்பெட்டைக் கீழே இறக்கினார்.

“கடலில் போனவர்களுக்கும் ஊதியிருக்கிறேன், சிஸ்டர். பெயரை ஒருதரம் சத்தமாகச் சொல்லுவோம். பிறகு ஊதுவோம்.”

அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். யாருடைய உடம்பு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் எங்கள் கோயிலில் மாமாவுக்குப் பூசை நடந்தது. அங்கிள் வெள்ளைச் சேட்டோடு வந்தார். பூசை முடிவில் அம்மாவே எழுந்து தன் தம்பியின் முழுப்பெயரைச் சொன்னார். அங்கிள் ஊதினார். கோயிலின் மரக்கூரை அதிர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் அவர் மூச்செடுக்க நிறுத்தினார். அந்த இடத்தில்தான் அம்மா அழத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒன்றாகவே முடித்தார்கள். வாசலில் அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அங்கிள் பிற்காலத்தில் மறுபடி சார்ஜன்டாகி, அந்த பாண்டில் ட்ரம்பெட் வரிசைக்கே பொறுப்பாக வந்தார். ஆனால் எங்கள் தெருவில் அந்த உடுப்பை யாரும் பிறகு காணவில்லை. ஒத்திகை மண்டபத்துக் கழிப்பறையில்தான் அவர் உடுப்பு மாற்றுவார் என்பதை அப்பா எனக்குச் சொன்னது நான் பெரியவளான பிறகு.

அந்த வருடம் எனக்கிருந்த கவலை வேறு. சாதாரணச் சேட்டோடு அவர் காரில் ஏறுவதைக் கண்டு, “அங்கிள், உங்களை பாண்டால் நிற்பாட்டிப்போட்டார்களா? யூனிஃபோம் எங்கே?” என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

“கழுவக் கொடுத்திருக்கிறேன்” என்றார் சிரித்தபடி.

அடுத்த சனிக்கிழமையும் கேட்டேன். அதற்கடுத்த சனியும் கேட்டேன். கழுவக் கொடுத்திருக்கிறேன், கழுவக் கொடுத்திருக்கிறேன். நியூசிலாந்து இராணுவத்திலேயே ஆகத் துப்புரவான ஆள் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார் என்று வகுப்பு முழுவதற்கும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.