பராமரிப்புப் பணி காரணமாக

பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் ஒரு வருஷம் செயலாளராக இருந்தேன். வேறு யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பிளம்பர் என்னைக் கீழே அழைத்து, தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். லேசாக நாற்றம் அடித்தது.

"சாக்கடை லைன் ஒடஞ்சி உள்ளாற கலந்துகீது சார். மேல டேங்குக்கும் ஏறிடுச்சி. யாரும் இந்தத் தண்ணிய தொட வேணாம்னு ஒடனே சொல்லிடு சார்."

சொல்ல ஒரு நிமிஷம் போதும். வாட்ஸ்அப் குழு இருந்தது. வீண் சண்டை வேண்டாமென்று, நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி அதை நானே பூட்டி வைத்திருந்தேன். எங்கள் எதிர்வீட்டில் பத்து மாதக் குழந்தை இருப்பதும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்து, முதலில் நிர்வாகக் குழுவில் கேட்டேன்.

"தண்ணிய டெஸ்டுக்கு அனுப்புவோம், ரிசல்ட் வரட்டும் சார்" என்றார் தலைவர். "சாக்கடைன்னு எழுதினா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிடுவாங்க. அப்புறம் இங்க யாரு வீடு பாக்க வருவா?"

நிர்வாகிகள் நாங்கள் ஐந்து பேரும் ஆபீசில் மெயில் எழுதியே பழகியவர்கள். 'கழிவுநீர்' போய் 'மாசு' வந்தது. 'மாசு' போய் 'தரக்குறைவு' வந்தது. பிறகு அதுவும் போனது. பூசி மெழுகி, பத்தரை மணிக்கு ஒரு வரி அனுப்பினேன்: "பராமரிப்புப் பணி காரணமாக இன்று தண்ணீர் விநியோகம் தடைபடும்."

தண்ணீர் வராது என்றால் சென்னைக்காரர்கள் முதலில் என்ன செய்வார்கள்? நான் ஒரு மக்கு, அதை யோசிக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் எல்லா மாடியிலும் குழாய் திறக்கும் சத்தம். பக்கெட், குடம், குக்கர் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'பிடிக்காதீங்க' என்று எழுதக்கூடத் தோன்றாமல் மொட்டை மாடிக்கு ஓடி வால்வை மூடினேன். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கத்திக்கொண்டே இறங்கினேன். எதிர்வீட்டுக்கு நான் வந்தபோது குழந்தையின் பால் புட்டியைக் கழுவி, பாலும் கொடுத்து முடித்திருந்தார்கள்.

மறுநாள் குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். ரிசல்ட் வராமல் எழுத முடியவில்லை, மக்கள் பயந்துவிடக் கூடாதே என்றுதான், என்று ஏதேதோ சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அதன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பெண், அதிர்ந்து பேசாதவள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்க வீட்டுல அந்தத் தண்ணிய எத்தன மணிக்கு நிறுத்துனீய?"

பிளம்பர் தொட்டி மூடியைக் கீழே வைக்கும் முன்பே நான் என் மனைவிக்கு போன் செய்திருந்தேன்.

"ஏழு மணிக்கு" என்றேன்.