அட்டையில் ஏறாத பெயர்கள்

போன வாரம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் மருந்தறையைத் திறந்துகொண்டிருந்தேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கெராணி ஆபீசிலிருந்து நடந்து வந்தார். அவர் என்னைத் தேடி வந்தால் ஒன்று தலைவலி, இல்லையென்றால் சாவு. "டிரஸர் அண்ணே, குனோங் ராபாட்லேருந்து போன் வந்துச்சு. ஈப்போ டாக்டரம்மா தவறிட்டாங்களாம்லா" என்றார். பிறகு தலைவலிக்கும் மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

டாக்டர் யோகேஸ்வரியை அறிந்தவர்கள் ஈப்போவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் கண்டிப்பான சிலோன்கார டாக்டர். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் எனக்கு அவர் தோற்றுப்போன மனுஷி. குறையாகச் சொல்லவில்லை. எதில் தோற்றார் என்பதுகூட யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்றுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்தார். "நீர்தானே மாணிக்கம்? அட்டைகளைக் காட்டும்" என்றார். எங்கள் பக்கம் யாரும் யாரையும் 'நீர்' என்பதில்லை. கோபமாக வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று பயந்துபோனேன். அது யாழ்ப்பாணத்து மரியாதை என்று பிறகுதான் விளங்கியது. புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களின் நோயாளி அட்டைகளைத் தேடி அவர் வந்திருந்தார். முதுகில் பம்பைச் சுமந்து ரப்பர் நிரைகளுக்கு நடுவே நாள் முழுதும் அடிப்பவர்கள் அவர்கள். முதலில் நகம் கழன்று வரும். பிறகு மூக்கில் ரத்தம், அதன் பிறகு விடாத இருமல்.

இலங்கை, தாய்லாந்து, இந்தோனேசியா என்று தோட்டங்கள் உள்ள நாடுகளில் அவரைப் போல இன்னும் சில டாக்டர்கள் இருந்தார்கள். புதிதாக யாரையும் சோதிக்காமல், ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே கிடக்கும் அட்டைகளை ஒன்றுசேர்த்துப் படிப்பது என்று பேசிவைத்திருந்தார்கள். "ஒரு தோட்டத்து இருமல் டாக்டருக்குத்தான் கேக்கும், மாணிக்கம். நாலு நாட்டு இருமல் சேர்ந்தால்தான் கம்பெனிக்குக் கேக்கும்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து, அட்டைகளைப் பார்த்து எழுதுவார். மதியம் என் மனைவி செல்லம்மாவின் சார்டின் சம்பலைக் கண்ணில் நீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்பார். இந்தப் புல்மருந்தை எப்படியும் நிறுத்திவிடுவார் என்று நானும் நம்பினேன்.

வெளிநாட்டில் நடந்த அந்த டாக்டர்களுடைய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், நேராக என் மருந்தறைக்கு வந்தார்.

"இந்த முனியம்மா யார் மாணிக்கம்? சித்திரையில பிள்ளை பெத்தவ ஐப்பசியில திரும்பவும் பெத்திருக்கிறா. ரத்த வகையும் மாறியிருக்கு. எல்லாரும் சிரிச்சுப்போட்டினம்."

"அது மூணு பேரு டாக்டர்" என்றேன். அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். தோட்டத்தில் அது ரகசியமே இல்லை. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று ஆன பிறகு, பெர்மிட் கிடைக்காத பெண்கள் குடியுரிமையுள்ள நீல அட்டை வைத்திருந்த அக்கா பெயரிலும் நாத்தனார் பெயரிலும் மாறி மாறி வேலைக்கு இறங்கினார்கள். எந்தப் பெயரில் வேலையோ அந்தப் பெயரில்தான் வைத்தியமும். வேலை வாங்கும் மண்டோருக்கும் தெரியும், கெராணிக்கும் தெரியும். உண்மையான முனியம்மா செல்லம்மாவின் அக்கா. அந்தப் பெயரில் மருந்தடித்த மற்ற இருவரில் ஒருத்தி செல்லம்மா.

ஒவ்வொருத்தியின் சொந்தப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிரித்துக் கொடுத்தால் எங்கள் பேராக் மாநிலத்தைச் சேர்த்துக்கொள்வதாகக் கூட்டத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் பெரட்டுக் களத்தில் பெண்களை உட்காரவைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். செல்லம்மாதான் எழுந்தாள்.

"பேர சொன்னா வேல போயிரும் டாக்டரம்மா. மருந்தடிச்சா மெதுவாத்தான் சாவோம். வேல போனா பிள்ளைங்க நாளைக்கே பட்டினிலா."

"ஓம், பிள்ளை, விளங்குது" என்றார். ஈப்போவுக்குப் போய், பேராக்கின் அட்டைகள் அத்தனையையும் ஆராய்ச்சியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த ஆராய்ச்சி வெளிவந்தபோது எங்கள் பகுதிக்கு நேரே வெறும் கோடு இருந்தது. பேராக்கில் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று தோட்ட நிர்வாகம் அதையே எடுத்துக் காட்டியது.

அதன் பிறகும் மாதாமாதம் வந்தார். அட்டையை மூடி, பேனாவையும் மூடிவைத்துவிட்டு, "உம்மட சொந்தப் பெயர் என்ன?" என்று கேட்பார். தயங்கினால், "அட்டையில எழுத மாட்டன், பயப்படாதையும்" என்பார். பிறகு அறைக்குள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார். மருந்து வாங்கும் இடத்தில் தங்கள் பெயரைக் கேட்டுச் சிலர் வெட்கத்தோடு சிரிப்பார்கள். எவள் முனியம்மா, எவளுக்கு எந்த நோய் என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டும் இருந்தது.

செல்லம்மாவை நுரையீரல்தான் கொண்டுபோனது. இறந்த பிறகு சாவைச் சொந்தப் பெயரில் பதிய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கிளார்க் தேடிப் பார்த்துவிட்டு, "இவங்க பேர்ல ஒரு அட்டையும் இல்லையே அண்ணே. இதுக்கு முன்ன நோயே வந்ததில்லையா?" என்றார். நல்லபடியாக இருக்கும் அக்காவின் அட்டையில்தான் அவள் நோயெல்லாம் கிடந்தது. பக்கத்தில் நின்ற டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

ஓய்வு பெற்றுக் குனோங் ராபாட்டில் தம்பி வீட்டில் இருந்தபோது அவருக்கு நினைவு தவறத் தொடங்கியது. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருக்க வேண்டும். கடைசியாக நான் பார்க்கப் போனபோது என் முகமே அவருக்குப் பிடிபடவில்லை. செல்லம்மாவைப் பற்றிச் சொன்னேன். யாரோ ஒருத்தியின் கதையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். சார்டின் சம்பலைச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

இன்று காலையும் பெண்கள் பம்பைச் சுமந்துகொண்டு என் மருந்தறையைத் தாண்டித்தான் போனார்கள். இனி அவர்களுக்காக யாரும் அட்டைகளைச் சேர்க்கப் போவதில்லை. டாக்டர் எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கடைசிச் சந்திப்பில் பேசியது மட்டும்தான். விடைபெற எழுந்தபோது என் கையைப் பிடித்து, "உம்மட சொந்தப் பெயர் என்ன?" என்று கேட்டார். மாணிக்கம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அட்டையில எழுத மாட்டன், பயப்படாதையும்."