ஒரே நம்பரில் இரண்டு ஓவன்

பேனல் பெட்டிக்குள் தலையை விட்டுக் கழுத்து வலியோடு வீடு திரும்பிய சகபாடிகளே, நம் தொழிலில் கரண்டுக்குப் பயப்படுகிறவன் தப்பித்துவிடுவான், நம்பருக்குப் பயப்படாதவன்தான் மாட்டுவான்.

எண்பதுகளில் ஈப்போவில் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் மாணிக்கம் அண்ணனும் ஜோடி. தொழிற்சாலை ஓவன்களுக்குப் பேனல் மாட்டுவோம். சூட்டைக் கட்டுப்படுத்த ஓவனுக்கு ஒரு மாட்யூல், எல்லாம் ஒரே வயரில். ஒவ்வொன்றிலும் அரிசிமணி போன்ற சுவிட்சுகளைத் தள்ளித் தனி நம்பர் வைக்க வேண்டும்.

பெரட்டு

கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. ஓவன்களை ஓட்டியவர் பாக்கியம் அக்கா. ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றதும் பால்மரம் வெட்டுவதை விட்டு இங்கே வந்தவர். எதற்கு இந்த நம்பர் என்று கேட்டார். இரண்டு மாட்யூலுக்கு ஒரே நம்பர் இருந்தால், ஒன்றுக்குச் சொன்னதை இரண்டும் செய்யும் என்றேன். அக்கா சிரித்துவிட்டார்.

“தோட்டத்துல காலையில ஆள் எடுக்கற பெரட்டுல, பேர் எழுதற கிராணி லெட்சுமின்னு கூப்புட்டா ரெண்டு லெட்சுமியும் ஓடும். அதே கதைதான் லா!”

மங்கல்

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. கண் மங்கிக்கொண்டே வந்தது. சுவிட்சுகளை நகத்தால் தடவித் தள்ள ஆரம்பித்தார். அவர் வைத்ததை நான் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவேன். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“ஆபீஸ்ல சொல்லிடாத தம்பி. மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு.”

ஆறாவது ஓவன்

நான் லூமுட்டில் வேறு வேலையில் இருந்தபோது, ஆறாவது ஓவனின் மாட்யூல் கெட்டு, அண்ணன் தனியாகப் போய் மாற்றிவிட்டு வந்தார். மறுநாள் பாக்கியம் அக்கா ஐந்தாவது ஓவனுக்குச் சூட்டை ஏற்ற, ஆறாவதும் சேர்ந்து ஏறிவிட்டது. உள்ளே கையுறைகள் கருகிப் புகை வந்தது. கதவைத் திறக்கப் போன அக்காவுக்கு முழங்கை வரை வெந்துபோனது. தப்பான பட்டனை அழுத்தினார் என்று அவரை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார் மேனேஜர்.

நாங்கள் போய்ப் பெட்டியைத் திறந்தோம். ஆறாவதில் ஐந்தின் நம்பர். அண்ணன் அந்தச் சுவிட்சுகளைத் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே மேனேஜர் அறைக்கு நடந்தார்.

“அந்தம்மா மேல தப்பில்ல பாஸ். நம்பர் வெச்சது நான். எனக்குக் கண்ணு தெரியல.”

கோப்பெங்

அக்காவின் வேலை தப்பியது. அண்ணனின் வேலை அந்த வாரமே போனது. சில மாதம் கழித்து நானும் அக்காவும் கோப்பெங்கில் அவர் வீட்டுக்குப் போனோம். யார் வந்திருப்பது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும் எழுந்து நின்று, அக்கா இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளிக் கைகூப்பினார். கண்ணீர் ஓடியது. அக்கா நகர்ந்து அவருக்கு நேரே போய் நின்றார்.

“அழாதீங்கண்ணே. தோட்டத்துல ஆசிட் கொட்டி என் கால் வெந்தப்ப, அது தன் தப்புன்னு ஒத்துக்க எந்தத் தொரையும் வரல. நீங்கதான் வந்தீங்க.”

அண்ணனுக்குப் பதிலாக வந்தவருக்குக் கண் ரொம்பக் கூர்மை, ஆனால் ஏதாவது கருகினால் மட்டும் அது யார் வைத்த நம்பர் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.