ஓட்டை விழாத துணி

அப்பாவின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். மலேசியாவில், பீடோங் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கும் பழைய துப்பாக்கி அது. குண்டு பட்டாணி அளவுதான் இருக்கும்.

எனக்கு அப்போது ஏழு வயது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன அம்மா வெறுங்கையோடு திரும்பியிருந்தார். பாப்பா சாமியிடம் போய்விட்டது என்றார்கள். நானும் சரி என்று விளையாடப் போய்விட்டேன். அம்மாதான் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். கஞ்சிகூட இறங்கவில்லை. பார்க்க வந்த கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி அப்பாவிடம், "இப்படியே கெடந்தா ஒடம்பு தாங்காதுலா அண்ணே. காட்டுக்கோழி சூப்பு வச்சிக் குடுத்துப் பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பில்லை. மருந்தைக் கூட்டிப் போட்டால் கோழி சிதைந்து இறகும் எலும்புமாகக் கிடைத்தது. குறைத்தால் அடிபட்டுப் புதருக்குள் ஓடி ஒளிந்தது. சுட்டதும் பறந்து விழும் துணித்துண்டைத் தேடி எடுத்து வருவது என் வேலை. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். எங்களிடம் இருந்தது கைலிக் கிழிசல். ஒவ்வொரு முறையும் நடுவில் பொத்தலாகிவிடும்.

"மருந்து சரிதாம்மா, துணிதான் தாங்கல. கெட்டி காட்டன் துணியா இருந்தா குறி தப்பாது" என்றார் என்னிடம்.

கெட்டி காட்டன் துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அலமாரியின் கீழ்த்தட்டில், வாத்துப் படம் போட்டது, அம்மா ஓரம் தைத்து அடுக்கி வைத்திருந்தது. பாப்பாதான் வரவில்லையே, சும்மாதானே கிடக்கிறது என்று கத்தரிக்கோலை எடுத்தேன். வட்டம் வட்டமாக வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுக் கொடுத்தேன். விடிந்தும் விடியாத இருட்டில் அப்பா அதை உற்றுப் பார்க்கவில்லை.

ஒரே வெடி. கோழி இருந்த இடத்திலேயே சாய்ந்தது. அப்பா துணியைக்கூடக் கேட்காமல் கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நான்தான் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அம்மா அரைக் கிண்ணம் சூப்பு குடித்தார். அப்பாவின் முகம் அத்தனை நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது. பெருமை தாங்காமல் துணியை எடுத்து நீட்டினேன். "பாருங்கம்மா, ஓட்டையே விழல! நான்தான் வெட்டிக் குடுத்தேன்."

கரிக்குப் பக்கத்தில் பாதி வாத்து தெரிந்தது. அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். எட்டிப் பார்த்த அப்பா வெளியே போய்விட்டார். அடி விழும் என்று நின்றேன். யாரும் தொடவில்லை. அன்று அடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா எழுந்து குழாயடிக்குப் போனார். அந்தத் துண்டுக்குச் சோப்புப் போட்டுக் கசக்கினார். கரி போகவில்லை. மறுபடியும் கசக்கினார். பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய்ச் சமாதானம் சொன்னேன்.

"அத விடுங்கம்மா. அலமாரியில புதுசு இன்னும் நெறய இருக்கு."