சம்பந்திக்கு அடித்த ஹாரன்

எனக்கு எழுபத்தொன்பது நடக்கிறது. வளர்த்தது ஒன்பது பிள்ளைகள். பெற்றது ஆறு, தாயில்லாமல் வந்த நாத்தனார் பிள்ளைகள் மூன்று. ஒன்றுகூடச் சோடை போகவில்லை. பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம்தான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் சொல்ல நினைத்ததை யாரிடமும் சொல்லாமல் விட்டவள் இல்லை நான். ஒரே ஒரு நாள் முடியாமல் போனது.

வெள்ளைக்காரன் காலம். தென்காசியில் எங்கள் தெருவுக்கு முதல் கார் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றதை என் மாமனார் வாங்கினார். டிரைவர் வைத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை. மகன்தான் ஓட்ட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுக்கச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் பத்து நாள் வந்துபோனார். முற்றத்தில் அவர் சொன்னதையெல்லாம் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டே நானும் கேட்டேன்.

"ஓட்டுறது எளுப்பம் மொதலாளி, நிறுத்துறதுதான் பாடு. முன்னால மாட்டு வண்டி போனா ஹாரன் அடிச்சிராதிய. இங்கன உள்ள மாடு இந்தச் சத்தத்தக் கேட்டதில்ல. தூரத்துலயே மெதுவாக்கிருங்க. வண்டிக்காரன் எறங்கி மூக்கணாங்கயித்தப் பிடிச்சிட்டுக் கையைக் காட்டுவான். பொறவு போங்க."

மாமனார் சிரித்தார். "மாட்டுக்கு வழி விட்டுட்டு நிக்கதுக்கா வே நான் காரு வாங்குனேன்?"

என் வீட்டுக்காரரும் சிரித்தார். வில்வண்டி ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வில்வண்டியில் பாதையை மாடு பார்த்துக்கொள்ளும். அவர் பின்னால் திரும்பி எங்களோடு பேசிக்கொண்டே வருவார். காரிலும் அப்படியே திரும்பிப் பேசினார். ஒரு நாள் தேங்கிக் கிடந்த தண்ணீரில் காரை விட்டு, குடத்தோடு வந்த ஒருத்தி மேல் சேற்றை வாரி அடித்தார். அவள் விடவில்லை. "காருக்கு ரெண்டு கண்ணு இருக்கு அண்ணாச்சி, ஓட்டுதவுகளுக்குத்தான் இல்ல போல!" என்றாள். தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் குளிக்கப் புறப்பட்டோம். முன்னால் அவரும் மாமனாரும், பின்னால் மாமியாரும் மடியில் பிள்ளையோடு நானும். எங்கள் வீட்டில் மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் வாய் திறக்கக் கூடாது. புருஷனிடமும் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை மாமியார் காதில் சொல்ல வேண்டும். அவர் மாமனாரிடம் சொல்வார். மாமனார் மகனிடம் சொல்வார். வீட்டுக்குள் அது போதுமானதாக இருந்தது.

மேலகரம் தாண்டியதும் முன்னால் ஒரு கூண்டு வண்டி போவது தெரிந்தது. பின்பக்கத்துப் பாயில் ஒரு நீலத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. என் பழைய சேலையில் கிழித்து நானே தைத்த ஒட்டு. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து என் அப்பா குளிக்கப் போகிறார்! இடது பக்கத்து மாடு புதிது, குடையை விரித்தாலே மிரளுகிறது என்று போன வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். சாலையை ஒட்டி வாய்க்கால் நிறைந்து ஓடியது.

மாமியார் காதில் அவசரமாகச் சொன்னேன். "அத்தை, எங்க அப்பா வண்டி. மாடு புதுசு, மெரளும். ஹாரன் அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

மாமியார் முந்தானையைச் சரி செய்தார். ஒரு தரம் இருமினார். "ஏங்க, ஒங்களத்தான். அன்னா போறது சம்பந்தி வண்டியாம்."

அவ்வளவுதான். மீதியைச் சொல்ல மாமனார் இடம் கொடுக்கவில்லை. "சம்பந்தியா! ஏலே, ஒங்க மாமா போறாவலே! பேசாமத் தாண்டிப் போனா மரியாதையா? ஹாரனை அடி, திரும்பிப் பாக்கட்டும்!"

என் கை முன்னால் நீண்டது. என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டிருக்கலாம். மாமனார் இருந்தார். தொடவில்லை.

அவர் ஹாரனின் ரப்பர் பந்தை நாலு தரம் அமுக்கினார். புது மாடு துள்ளியது. ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்கி, வண்டி வாய்க்காலுக்குள் சாய்ந்தது.

"ஹாரன் அடிக்க வேண்டாம்னும் சொன்னாளே" என்றார் மாமியார்.

பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு மாமனாரைத் தாண்டி ஓடினேன். வண்டிச் சட்டத்துக்கு அடியில் அப்பாவின் கால். என் வீட்டுக்காரரும் மாமனாரும் சட்டத்தைத் தூக்க, நான் காலை வெளியே இழுத்தேன். அப்பாவுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் மருமகனைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. நீங்க பயப்படாதிய. இந்தச் சவத்து மாட்டுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு."

"நானும் பாத்தேன் சம்பந்தி. மொதல்ல மாட்டை மாத்துங்க" என்றார் மாமனார்.

அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குற்றம் சொல்லலாமா? நானும் திறக்கவில்லை.

எலும்பு கட்டுகிறவர் மூங்கில் வைத்துக் கட்டினார். கோணலாகத்தான் கூடியது. பாறையில் கால் ஊன்ற முடியாததால் அப்பா அதற்குப் பிறகு அருவியில் நின்றதே இல்லை. மாட்டையும் விற்றுவிட்டார்.

சில நாள் கழித்து, மத்தியானம் சோறு போடும்போது வீட்டில் வேறு யாரும் இல்லை. "மாட்டுக்குக் கோட்டி இல்ல" என்றேன். என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு மாட்டு வண்டியைக் கண்டால் தூரத்திலேயே காரை ஓரம் கட்டிவிடுவார். ஆனால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவும் சாகிறவரை மாட்டையேதான் வைதார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

இப்போது பேரன் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். தெருவில் தெரிந்தவர்களைக் கண்டால் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிறான், மரியாதைக்காம். வேண்டாம் என்றால், "இப்பம் ரோட்டுல மாடா போவுது ஆச்சி?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தெருமுனை தாண்டிவிடுகிறான். அதனால்தான் எழுதி வைத்தேன்.

ஏட்டி பேத்தி, இங்கன வந்து உக்காரு. ஒங்க அண்ணன் சாப்பிட வரும்போது இதை நீதான் அவனுக்கு வாசிக்கணும். அதுக்கு முன்னால எனக்கு ஒரு தரம் வாசிச்சுக் காட்டு. பாதியில நிறுத்திராத.